பிறந்தநாளே தெரியாத கிறிஸ்துமஸ் தாத்தா... யார் அந்த நிக்கோலஸ்?

சிவப்பு உடை... வெள்ளைத் தாடி... முதுகில் ஒரு பெரிய மூட்டை...

டிசம்பர் வந்தாலே எந்தக் கடைத்தொகுதிக்குப் போனாலும் இவர் நிற்பார். வட துருவத்தில் இருந்து வருகிறார் என்று சின்ன வயசில் உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள்.

உண்மையில் இவருடைய ஊர் வட துருவம் இல்லை. வெயில் அடிக்கும் மத்தியதரைக் கடலோரம். இன்றைய துருக்கியின் தென்கரை. பெயர் நிக்கோலஸ்.

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கே அடையாளமாகிவிட்ட இந்த மனிதர், டிசம்பர் 25ஆம் தேதி கிறிஸ்துமஸ் கொண்டாடியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு!

எப்படி? வாங்க, பார்க்கலாம்.

யாரு இந்த நிக்கோலஸ்?

சுமார் 270ஆம் ஆண்டு பட்டாரா என்ற துறைமுக நகரில், வசதியான குடும்பத்தில் அவர் பிறந்ததாகக் கிறிஸ்துவ மரபு சொல்கிறது. பெற்றோர் சீக்கிரமே இறந்துவிட, சொத்து முழுக்க அவர் கைக்கு வந்தது. பின்னர் பக்கத்தில் உள்ள மிரா நகரின் ஆயர் ஆனார். ஆயர் என்றால் பிஷப். மிரா இருந்த இடத்துக்கு இப்போது டெம்ரே என்று பெயர்.

ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நிக்கோலஸ் எழுதிய ஒரு வரிகூட இன்று இல்லை. அவருடைய விரிவான வாழ்க்கை வரலாறு எழுதப்பட்டது 9ஆம் நூற்றாண்டில். அதாவது அவர் இறந்து ஏறக்குறைய 500 ஆண்டுகள் கழித்து! ஆனால் 6ஆம் நூற்றாண்டிலேயே பேரரசர் ஜஸ்டினியன் அவர் பெயரில் கான்ஸ்டான்டிநோபிளில் தேவாலயம் கட்டிவிட்டார். இன்றைய இஸ்தான்புல்தான் அது. அந்த அளவுக்கு மக்கள் அவரை மதித்தார்கள்.

மூன்று மகள்கள், மூன்று பண முடிப்புகள்

நிக்கோலஸைப் பற்றிய கதைகளில் அதிகம் பரவியது இதுதான்.

ஊரில் ஒருவர் நொடித்துப்போனார். அவருக்கு மூன்று மகள்கள். அந்தக் காலத்தில் சீதனம் இல்லாமல் பெண்ணுக்குக் கல்யாணம் நடக்காது. சாப்பாட்டுக்கும் வழி இல்லை. மகள்களை விலைமாதர் விடுதிக்கு அனுப்பும் நிலைக்கு அந்தத் தகப்பன் வந்துவிட்டார்.

விஷயம் நிக்கோலஸ் காதுக்கு எட்டியது. நேரில் போய்ப் பணம் கொடுத்தால் அந்தக் குடும்பத்துக்குத் தலைகுனிவு. அதனால் ராத்திரி நேரத்தில் போய், ஜன்னல் வழியாகத் தங்கக் காசு முடிப்பை உள்ளே போட்டுவிட்டு வந்துவிட்டார். மூத்தவளுக்குக் கல்யாணம் நடந்தது. இரண்டாம் மகளுக்கும் அதேபோல.

மூன்றாவது முறை தகப்பன் தூங்காமல் காத்திருந்தார். ஓடிப்போய் ஆளைப் பிடித்துவிட்டார். தான் உயிரோடு இருக்கும்வரை இதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று நிக்கோலஸ் அவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் பரிசு வைத்துவிட்டுப் போகும் தாத்தா எங்கிருந்து வந்தார் என்று இப்போது புரிகிறதா?

சிறை, சபை, வாள்

303ஆம் ஆண்டில் ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் கிறிஸ்துவர்களை ஒடுக்கத் தொடங்கினார். தேவாலயங்கள் இடிக்கப்பட்டன. வேதப் புத்தகங்கள் எரிக்கப்பட்டன. நிக்கோலஸும் அப்போது சிறையில் வாடினார் என்பது மரபு. பத்து ஆண்டுகள் கழித்து, 313இல் கிறிஸ்துவ சமயத்துக்குச் சட்டபூர்வ அனுமதி கிடைத்தது.

325இல் நைசியா நகரில் ஆயர்களின் மாபெரும் சபை கூடியது. அங்கே ஏரியஸ் என்ற குருவை நிக்கோலஸ் கன்னத்தில் அறைந்தார் என்ற மீம்ஸை டிசம்பரில் நீங்கள் பார்த்திருக்கலாம். அது பல நூற்றாண்டுகள் கழித்துச் சேர்ந்த கதை. சபைக்கு வந்தவர்களின் பட்டியல்களில்கூட சிலவற்றில்தான் அவர் பெயர் இருக்கிறது.

அதைவிடப் பழைய கதை ஒன்று உண்டு. லஞ்சம் வாங்கிய ஆளுநர், குற்றமே செய்யாத மூன்று பேருக்கு மரண தண்டனை விதித்தார். நிக்கோலஸ் தண்டனை நடக்கும் இடத்துக்கே போய், வெட்ட ஓங்கிய வாளைப் பிடுங்கி அவர்களைக் காப்பாற்றினார் என்கிறது அந்தக் கதை. தாத்தா சிரித்துக்கொண்டே மட்டும் இருந்தவர் இல்லை!

அவருடைய பிறந்தநாள் ஏன் தெரியவில்லை?

ஏனென்றால் அந்தக் காலக் கிறிஸ்துவர்களுக்குப் பிறந்தநாள் பெரிய விஷயமே இல்லை.

ரோமர்கள் பிறந்தநாளைக் கொண்டாடினார்கள். ஒவ்வொருவரையும் காக்கும் தெய்வத்துக்கு அன்று தூபம், மது, அப்பம் படைத்தார்கள். கிறிஸ்துவர்களுக்கு அது பிற தெய்வ வழிபாடு. பைபிளில் பிறந்தநாள் கொண்டாடியவர்கள் எகிப்து மன்னன் பார்வோனும் ஏரோதுவும்தான், இரண்டிலும் ஒருவர் உயிர் போனது என்று 3ஆம் நூற்றாண்டு அறிஞர் ஒரிஜென் சுட்டிக்காட்டினார்.

கிறிஸ்துவர்கள் நினைவில் வைத்தது இறந்த நாளை. புனிதர் ஒருவர் விண்ணுலகில் பிறக்கும் நாள் அது என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால்தான் நிக்கோலஸ் இறந்ததாகச் சொல்லப்படும் டிசம்பர் 6 அவருடைய திருநாள் ஆனது. ஆண்டு 343 என்பது மரபு.

அப்படின்னா டிசம்பர் 25?

இயேசு பிறந்த தேதி பைபிளில் இல்லை. டிசம்பர் 25ஐக் குறிப்பிடும் மிகப் பழைய ஆவணங்களில் ஒன்று, 354இல் ரோமில் தொகுக்கப்பட்ட நாட்காட்டி. அதில் உள்ள தகவல் 336ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்பது அறிஞர்கள் கருத்து. அப்போது நிக்கோலஸ் உயிரோடு இருந்திருப்பார்.

ஏன் அந்தத் தேதி? இரண்டு விளக்கங்கள் உண்டு.

ஒன்று, சூரியன். 274இல் பேரரசர் ஒரேலியன் வெல்லமுடியாத சூரியனுக்கு ரோமில் கோயில் கட்டினார். அதே 354 நாட்காட்டியில் டிசம்பர் 25 அந்தச் சூரியனின் பிறந்தநாளாகவும் குறிக்கப்பட்டிருக்கிறது.

இரண்டு, கணக்கு. மார்ச் 25இல் இயேசு கருவில் உருவானார் என்று சிலர் நம்பினார்கள். அதோடு ஒன்பது மாதத்தைக் கூட்டினால் டிசம்பர் 25. எது முதலில் வந்தது என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

இதற்குப் பக்கத்திலேயே, டிசம்பர் 17இல் தொடங்கும் சாட்டர்னேலியா என்ற ரோமத் திருவிழாவும் இருந்தது. விருந்து, விளையாட்டு, பரிசாக மெழுகுவத்தி, சிறு பொம்மைகள்... கேட்ட மாதிரி இருக்கிறதா?

நிக்கோலஸ் வாழ்ந்த கிழக்குப் பகுதியில் ஜனவரி 6தான் விழா நாள். கான்ஸ்டான்டிநோபிளுக்கு டிசம்பர் 25 வந்ததே சுமார் 380இல். அதற்குள் நிக்கோலஸ் காலமாகிவிட்டார். ஆர்மீனியத் திருச்சபை இன்றும் ஜனவரி 6ஐத்தான் பின்பற்றுகிறது.

மிராவில் இருந்து நியூயார்க் வரை

1087இல் இத்தாலியின் பாரி நகர மாலுமிகள் மிராவுக்கு வந்து, நிக்கோலஸின் எலும்புகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவற்றுக்காகக் கட்டிய தேவாலயம் பாரியில் இன்றும் இருக்கிறது. 1950களில் அந்த எலும்புகளை ஆய்வு செய்தபோது, மூக்கெலும்பு உடைந்திருந்தது தெரியவந்தது.

ஐரோப்பாவில் டிசம்பர் 6 பிள்ளைகளின் பரிசு நாள் ஆனது. நெதர்லாந்தில் அவர் பெயர் சின்டர்கிளாஸ். முந்தின நாள் ராத்திரிக்கு முன்பே பிள்ளைகள் காலணியை எடுத்து வைப்பார்கள். அவருடைய குதிரைக்கு ஒரு கேரட்டும் உண்டு! ஜெர்மனியில் சீர்திருத்தத் திருச்சபையினர் புனிதர் வழிபாட்டைத் தவிர்த்தபோது, பரிசு தரும் நாள் கிறிஸ்துமஸுக்கு நகர்ந்தது.

டச்சுக்காரர்கள் உருவாக்கிய நியூயார்க்கில் சின்டர்கிளாஸ், சாண்டா கிளாஸ் ஆனார். 1823இல் வெளிவந்த ஒரு கவிதை எட்டு கலைமான்களைக் கொடுத்தது. 1863இல் இருந்து ஓவியர் தாமஸ் நாஸ்ட் தொப்பையையும் தாடியையும் வரைந்தார்.

சிவப்பு உடையைக் கொடுத்தது கொக்கக் கோலாதானே என்று கேட்பீர்கள். இல்லை. அந்த நிறுவனத்துக்காக ஹேடன் சண்ட்புளோம் 1931இல் வரையத் தொடங்கியதற்கு முன்பே சாண்டா சிவப்பு உடையில் வந்துவிட்டார். அந்த உருவம் உலகம் முழுக்கப் பரவ அந்த விளம்பரங்கள் உதவின, அவ்வளவுதான்.

பிறந்தநாள் கேக்?

கிறிஸ்துவர்கள் மெல்ல மெல்லப் பிறந்தநாளையும் ஏற்றுக்கொண்டார்கள். வயதுக்கு ஒன்றாக மெழுகுவத்தி குத்திய கேக் பற்றிய பழைய குறிப்பு ஒன்று ஜெர்மனியில் இருந்து வருகிறது. ஆண்டு 1746. கொண்டாடியவர் சின்சென்டார்ஃப் பிரபு. அவர் யார் தெரியுமா? மொரேவியத் திருச்சபையின் தலைவர்! ஒரு காலத்தில் தேவாலயம் ஒதுக்கிவைத்த வழக்கம், தேவாலயத் தலைவர் வீட்டு விருந்துக்கே வந்துவிட்டது.

இந்த வருஷமும் பள்ளியிலோ வேலையிடத்திலோ சீக்ரெட் சாண்டா விளையாடுவீர்கள். யார் பெயர் வந்திருக்கிறது என்று ஆளாளுக்குத் துருவிக் கேட்பார்கள். கடைசிவரை வாயைத் திறக்காமல் இருந்து பாருங்கள். மூன்று ராத்திரி நடந்துபோன அந்த மிரா ஆயர் கேட்டதும் அவ்வளவுதான்.