முகத்திரையும் தேசமும்: எகிப்தின் ஹுதா ஷஃராவி அம்மையார்

முஸ்லிம் பெண்களின் முகத்திரை பற்றிய விவாதம் நாம் வாழும் ஐரோப்பிய நாடுகளில் பல ஆண்டுகளாக நடந்து வருவதாகும். பொது இடங்களில் முகத்தை மூடுவதைத் தடைசெய்து பிரான்ஸ் 2010ஆம் ஆண்டிலும், டென்மார்க் 2018ஆம் ஆண்டிலும் சட்டம் இயற்றின. சுவிற்சர்லாந்தில் 2021ஆம் ஆண்டு மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய தடை, 2025ஆம் ஆண்டின் முதல் நாளில் நடைமுறைக்கு வந்தது. எமது தேசியப் பண்பாட்டைக் காக்கவே இத்தடை என்று ஒரு சாரார் கூறினர். எமது சமய அடையாளத்தை அழிக்கவே இத்தடை என்று மறுசாரார் கூறினர்.

இதே வாதங்கள் நூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு முஸ்லிம் நாட்டில், முஸ்லிம்களுக்கிடையிலேயே, அந்நிய ஆட்சியின் நிழலில் எழுந்தன என்பதைப் பலர் அறியார். அந்நாடு எகிப்து. அவ்விவாதத்தின் நடுவில் நின்று, தமது முகத்தைப் பற்றிய முடிவைத் தாமே எடுத்தவர் ஹுதா ஷஃராவி அம்மையார்.

அந்தப்புரத்துச் சிறுமி

ஹுதா 1879ஆம் ஆண்டு மேல் எகிப்தின் மின்யாவில் பிறந்தார். தந்தை முகம்மது சுல்தான் பாஷா பெரும் நிலக்கிழார். அரசில் உயர் பதவிகள் வகித்தவர். தாய் சேர்க்காசிய இனத்தவர். ஹுதாவுக்கு ஐந்து வயதாக இருந்தபோது தந்தை காலமானார். கெய்ரோ மாளிகையின் அந்தப்புரத்திலே பெண் வளர்ந்தார்.

ஒன்பது வயதிலேயே அவர் திருக்குர்ஆனை முழுவதும் மனனம் செய்தார். மனனம் செய்ததன் பொருளை உணர வேண்டுமெனில் அரபு இலக்கணம் பயில வேண்டும். அதற்கு அவர் ஆசைப்பட்டபோது, பெண்பிள்ளைக்கு இலக்கணம் எதற்கு என்று மறுத்துவிட்டனர். தம்மிலும் இளையவனான தம்பிக்கு வீட்டில் கிடைத்த முதலிடமும் அச்சிறுமியின் மனத்தை வாட்டியது.

அந்நாளில் எகிப்தின் நகரங்களில் வசதி படைத்த குடும்பத்துப் பெண்கள் வீட்டுக்குள் தனித்து வாழ்ந்தனர். வெளியே செல்ல நேர்ந்தால் முகத்தைத் திரையால் மறைத்தனர். முஸ்லிம் பெண்கள் மட்டுமன்றி, உயர்குடிக் கிறிஸ்தவப் பெண்களும் யூதப் பெண்களும் இவ்வாறே செய்தனர். அதேவேளை வயலில் உழைத்த ஏழை முஸ்லிம் பெண்கள் பொதுவாக முகத்தை மூடவில்லை. முகத்திரை சமயத்தின் அடையாளமாகக் கருதப்பட்டபோதிலும், அது குலப்பெருமையின் அடையாளமாகவும் விளங்கியது என்பது இதனாற் புலனாகும்.

பதின்மூன்று வயதில் ஹுதாவை அவருடைய பாதுகாவலராக இருந்த உறவினர் அலி ஷஃராவிக்கு மணமுடித்தனர். மணமகன் வயதில் மிக மூத்தவர். ஏற்கெனவே பிள்ளைகளின் தந்தை. வேறு பெண்ணுடன் வாழ்வதில்லை என்று அவரிடம் ஹுதாவின் தாயார் எழுத்து மூலம் உறுதி பெற்றிருந்தார். அவ்வுறுதி விரைவிலேயே மீறப்பட்டது. ஹுதா கணவரைப் பிரிந்து ஏழு ஆண்டுகள் தாய்வீட்டில் வாழ்ந்தார்.

அந்த ஏழு ஆண்டுகளே அவரை உருவாக்கின. பிரெஞ்சும் அரபும் கற்றார், இசை பயின்றார். எகிப்தியப் பிரமுகர் ஹுசைன் ருஷ்தி பாஷாவை மணந்து இஸ்லாத்தைத் தழுவிய பிரெஞ்சுப் பெண்மணி ஒருவரின் இல்லத்தில் கூடிய பெண்கள் அவையில் கலந்துகொண்டார். சமயம் பெண்களுக்கு அளித்த உரிமைகள் எவை, வழக்கம் அவர்கள்மீது சுமத்திய தடைகள் எவை என்று பகுத்துப் பார்க்கும் பழக்கம் அங்கேதான் அவருக்கு ஏற்பட்டது. 1900ஆம் ஆண்டில் மீண்டும் கணவருடன் இணைந்தார். மகளும் மகனுமாக இரு பிள்ளைகள் பிறந்தனர்.

திரையைச் சுற்றி எழுந்த போர்

அவர் தாய்வீட்டில் வாழ்ந்த காலத்திலேயே முகத்திரை விவாதம் எகிப்தில் மூண்டது. நீதிபதி காசிம் அமீன் 1899ஆம் ஆண்டில் பெண் விடுதலை பற்றி ஒரு நூல் எழுதினார். முகத்தை மூடுமாறு மார்க்கம் கட்டளையிடவில்லை என்பதும், பெண்கள் கல்வி பெறாமல் தேசம் உயராது என்பதும் அவர் வாதம். அதற்கு எதிராகக் கண்டன நூல்கள் பல வெளிவந்தன. கண்டித்தவர்கள் எல்லோரும் பழமைவாதிகள் அல்லர். பிற்காலத்தில் எகிப்தின் தேசிய வங்கியான மிஸ்ர் வங்கியை நிறுவிய தலாத் ஹர்ப் அவர்களில் ஒருவர். நாட்டை அந்நியர் ஆளும் வேளையில் வீட்டையும் அந்நியர் வழக்கத்துக்கு விட்டுவிடலாகாது என்ற அச்சம் தேசியவாதிகள் பலரை ஆட்கொண்டிருந்தது.

அந்த அச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1883 முதல் 1907 வரை எகிப்தை உண்மையில் ஆண்டவர் பிரித்தானியப் பிரதிநிதி குறோமர் பிரபு. முஸ்லிம் பெண்களின் முகத்திரையும் ஒதுக்கமும் அந்நாட்டின் பின்தங்கிய நிலைக்குக் காரணம் என்று அவர் எழுதினார். ஆயினும் அவருடைய ஆட்சியில் பெண் கல்விக்குப் போதிய பணம் ஒதுக்கப்படவில்லை. பாடசாலைகளில் கட்டணம் உயர்த்தப்பட்டது. தாயகம் திரும்பிய பின்னர், ஆங்கிலப் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கலாகாது என்று கிளம்பிய ஆண்கள் சங்கத்துக்கு அவரே தலைமை தாங்கினார். எகிப்தியப் பெண்ணின் முகத்திரைக்காக அவர் வடித்த கண்ணீர் எத்தகையது என்பதை வாசகர்களே உணர்ந்து கொள்ளலாம்.

இவ்விரு தரப்பினரும் ஆண்களே. இவர்களுக்கு விடையளித்த பெண்களுள் குறிப்பிடத்தக்கவர் மலக் ஹிஃப்னி நாசிஃப் என்னும் ஆசிரியை. திரையை நீக்கு என்று கட்டளையிடுவதும், நீக்காதே என்று கட்டளையிடுவதும் ஒரே அதிகாரத்தின் இரு முகங்கள் என்பது அவர் நிலைப்பாடு. முதலிற் கல்வியைத் தாருங்கள், பின்னர் பெண்களே முடிவு செய்யட்டும் என்பதே அவர் வாதம். 1918ஆம் ஆண்டில் அவர் இளவயதிலேயே மறைந்தபோது பெரிதும் வருந்தியவர்களுள் ஹுதாவும் ஒருவர்.

திரையணிந்த ஊர்வலம்

1919ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தேசியத் தலைவர் சாத் சக்லூலைப் பிரித்தானியர் கைதுசெய்து மால்டா தீவுக்கு நாடுகடத்தினர். நாடெங்கும் கிளர்ச்சி வெடித்தது. மார்ச் 16ஆம் நாள் கெய்ரோ வீதிகளில் அதுவரை எவரும் காணாத காட்சி ஒன்று அரங்கேறியது. அந்தப்புரங்களிலே வாழ்ந்த உயர்குடிப் பெண்கள் முகத்திரையுடன் அணிவகுத்து வந்தனர். அவர்களை ஒழுங்குபடுத்தியவர்களுள் ஹுதா முதன்மையானவர். பிரித்தானியப் படையினர் அவர்களைச் சூழ்ந்து நின்று, மணிக்கணக்கில் வெயிலில் மறித்து வைத்தனர். பெண்கள் கலையவில்லை.

அன்று முகத்திரை தேசத்தின் கொடியாயிற்று. திரையணிந்த எகிப்தியத் தாய் அந்நியத் துப்பாக்கியின் முன்னே நிற்கும் காட்சியைத் தேசியவாதிகள் பெருமையுடன் போற்றினர். 1920ஆம் ஆண்டில் வஃப்து இயக்கத்தின் பெண்கள் மத்திய குழு அமைக்கப்பட்டு, அதன் தலைவியாக ஹுதா தெரிவானார். பிரித்தானியப் பொருட்களைப் பகிஷ்கரிக்கும் போராட்டத்தையும் அக்குழு வீடுவீடாகக் கொண்டு சென்றது. ஆயினும் அதே ஆண்டில், சுதந்திரம் குறித்த உடன்பாட்டு யோசனைகளை வஃப்துத் தலைவர்கள் பரிசீலித்தபோது பெண்கள் குழுவின் கருத்தைக் கேட்கவில்லை. ஹுதா வெளிப்படையாகவே கண்டனம் தெரிவித்தார். தியாகத்துக்கு அழைக்கப்பட்டவர்கள் ஆலோசனைக்கு அழைக்கப்படவில்லை என்ற உண்மை அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

புகையிரத நிலையத்தில்

1922ஆம் ஆண்டு எகிப்து பெயரளவிற் சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டில் அலி ஷஃராவி காலமானார். 1923 மார்ச் மாதத்தில் ஹுதா எகிப்தியப் பெண்கள் ஒன்றியத்தை நிறுவினார். அடுத்த மாதம் வெளியான அரசியலமைப்பு எகிப்தியர் அனைவரும் சமம் என்றது. அதனைத் தொடர்ந்த தேர்தற் சட்டமோ வாக்குரிமையை ஆண்களுக்கு மட்டுமே வழங்கியது.

மே மாதத்தில் றோம் நகரில் நடைபெற்ற அனைத்துலகப் பெண் வாக்குரிமை மாநாட்டுக்கு ஹுதா, சைஸா நபராவி, நபவிய்யா மூசா ஆகிய மூவரும் சென்றனர். இவர்களுள் நபவிய்யா மூசா 1907ஆம் ஆண்டிலேயே இடைநிலைக் கல்வி இறுதித் தேர்வில் ஆண்களுக்கு நிகராகத் தேறிய ஆசிரியை. பல ஆண்டுகளுக்கு முன்னரே முகத்திரையைக் கைவிட்டவர். மாநாடு முடிந்து கெய்ரோ புகையிரத நிலையத்தில் வந்திறங்கிய வேளையில், வரவேற்க வந்த பெண்களின் முன்னிலையில் ஹுதாவும் சைஸாவும் முகத்திரையை நீக்கினர். ஒரு கணம் திகைத்து நின்ற பெண்கள் பின்னர் கைதட்டினர் என்றும், சிலர் தம் திரைகளையும் விலக்கினர் என்றும் கூறப்படுகிறது.

இச்செயலின் எல்லையையும் நாம் சரியாக அறிதல் வேண்டும். ஹுதா நீக்கியது முகத்தை மறைத்த துணியையே. தலையை மூடிய துணியை அவர் அன்று அகற்றவில்லை. மார்க்கத்தைத் துறந்ததாகவும் அவர் கருதவில்லை. முகம் மூடுதல் வழக்கமேயன்றி மார்க்கக் கடமை அன்று என்பதே அவர் உறுதி. முகத்திரை நீக்கத்தை ஒன்றியத்தின் கோரிக்கைப் பட்டியலில் அவர் சேர்க்கவுமில்லை. கல்வி, வேலை, வாக்குரிமை, மண வயது, மணவிலக்கு ஆகியவை பற்றியே ஒன்றியம் அரசிடம் கோரியது. துணியைப் பற்றிய முடிவை அவரவர் விருப்பத்துக்கே விட்டது.

பெண்ணின் மண வயது 16 எனச் சட்டம் வந்தது. 1925ஆம் ஆண்டில், ஆண்களுக்குரிய அதே பாடத்திட்டத்துடன் ஷுப்ராவில் பெண்களுக்கான அரச இடைநிலைப் பாடசாலை திறக்கப்பட்டது. 1933ஆம் ஆண்டில் எகிப்தியப் பல்கலைக்கழகத்தின் முதற் பெண் பட்டதாரிகள் வெளிவந்தனர். ஆனால் பலதார மணத்தையும், ஆண் நினைத்தவுடன் மணவிலக்குச் செய்வதையும் கட்டுப்படுத்த அவர் செய்த முயற்சிகள் பெரும்பாலும் தோல்வியுற்றன. 1924 மார்ச்சில் முதற் பாராளுமன்றம் கூடியபோது, அதன் வாயிலில் பெண்கள் தங்கள் கோரிக்கைகளை ஏந்தி நின்றனர். அப்போது பிரதமராக இருந்தவர், எவருடைய விடுதலைக்காக 1919இல் அப்பெண்கள் வீதிக்கு வந்தனரோ அந்த சக்லூலே. அவ்வாண்டின் இறுதியில் ஹுதா அவருடன் முரண்பட்டு வஃப்து பெண்கள் குழுவிலிருந்து விலகினார்.

பிற்காலத்தில் அவர் பார்வை எகிப்துக்கு அப்பாலும் விரிந்தது. 1938ஆம் ஆண்டு பாலஸ்தீன மக்களுக்காகக் கீழைத்தேயப் பெண்கள் மாநாட்டைக் கெய்ரோவில் கூட்டினார். 1944ஆம் ஆண்டு அரபுப் பெண்கள் மாநாட்டை நடத்தினார். 1947 டிசம்பரில் காலமானார். எகிப்தியப் பெண்கள் வாக்குரிமை பெற்றது 1956ஆம் ஆண்டில். அதனைக் காண அவர் உயிருடன் இல்லை.

இன்றும் தீராத கேள்வி

ஈரானில் 1936ஆம் ஆண்டு ரேசா ஷா காவற்றுறையைக் கொண்டு பெண்களின் திரைகளை நீக்கினார். அதே நாட்டில் 1979ஆம் ஆண்டுப் புரட்சியின் பின்னர் வந்த அரசு தலைமூடியைக் கட்டாயமாக்கியது. ஒன்று நவீனத்தின் பெயராலும், மற்றையது பண்பாட்டின் பெயராலும் நிகழ்ந்தது. இரண்டிலும் பெண்ணைக் கேட்டவர் இலர். எகிப்திலும் 1970களின் பின்னர், படித்த பெண்கள் பலர் தாமாகவே தலைமூடிக்குத் திரும்பினர். ஹுதாவை மேற்கத்திய மோகம் கொண்டவர் என்று ஏசியோரும் உண்டு. அன்று குறோமரின் எதிரிகளும் இதனையே கூறினர்.

திரையுடன் அந்நியப் படையை எதிர்த்து நின்றவரும், திரையின்றிச் சொந்த நாட்டுப் பாராளுமன்றத்தை எதிர்த்து நின்றவரும் ஒரே பெண்மணிதான். முன்னதற்காக அவரைப் போற்றிய தேசம் பின்னதற்குச் செவிசாய்க்கவில்லை. ஒரு சமூகம் தன் மானத்தைப் பெண்ணின் உடையில் வைத்துக் காக்க முற்படும் போதெல்லாம் ஹுதா அம்மையாரின் வாழ்வு எழுப்பும் கேள்வி இதுவே: அப்பெண்ணுக்கு அச்சமூகத்தின் சபையில் இடம் உண்டா? சட்டம் இயற்றும் ஐரோப்பாவும், மரபு பேசும் கீழைத்தேயமும், புலம்பெயர்ந்து வந்து பண்பாட்டைப் பேண முயலும் நாமும் விடை கூற வேண்டிய கேள்வி இது.