தாய்மாரிடம் கேட்ட வைத்தியர்: ஆலிஸ் ஸ்டூவர்ட்

லண்டன் லூயிஷாமில் நான் குடியேறிப் பல வருடங்களாகின்றன. சென்ற குளிர்காலத்தில் என் தங்கையின் ஐந்து வயது மகனுக்கு நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரியவந்தது. தங்கைக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. ஸ்கேன் எடுக்கும் நாட்களில் நான்தான் கூடப் போவேன். கர்ப்பிணியாக இருந்தால் எக்ஸ்ரே எடுக்கும்முன் சொல்லிவிடுங்கள் என்ற அறிவிப்பு அங்கே ஒட்டியிருந்தது. அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு பெண்ணின் வாழ்க்கை இருக்கிறது என்பதை நான் அறிந்தது பிறகுதான்.

ஆலிஸ் ஸ்டூவர்ட் 1906-ல் ஷெஃபீல்டில் பிறந்தார். தாய், தந்தை இருவருமே வைத்தியர்கள். கேம்பிரிட்ஜில் மருத்துவம் படித்த ஆலிஸ், பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் சமூக மருத்துவத் துறையில் பணியாற்றினார். 1950-களில் பிரிட்டனில் பிள்ளைகளிடையே ரத்தப் புற்றுநோய் கூடிக்கொண்டிருந்தது. இரண்டு, மூன்று வயதிலேயே வருவதென்றால் காரணம் பிறப்புக்கு முன்னால் இருக்கலாம் என்று நினைத்தார். அப்படியானால் அதைத் தாயிடம்தானே கேட்கவேண்டும்?

ஆய்வுக்குக் கிடைத்தது 1000 பவுண்டு. கொடுத்தது லேடி டாட்டா நினைவு அறக்கட்டளை. ரத்தப் புற்றுநோயால் 1931-ல் இறந்த மனைவி மெஹர்பாயின் நினைவாகத் தோராப்ஜி டாட்டா நிறுவியது அது. கேள்வித்தாள்களுடன் நாட்டின் 203 சுகாதார அலுவலகங்களையும் ஆலிஸ் அணுகினார். புற்றுநோயால் பிள்ளையை இழந்த தாய்மாரிடமும், நலமாயுள்ள பிள்ளைகளின் தாய்மாரிடமும் ஒரே கேள்விகள் கேட்கப்பட்டன. கருவுற்றிருந்தபோது எக்ஸ்ரே எடுத்தீர்களா என்பதும் அவற்றில் ஒன்று.

பிள்ளை எப்படிக் கிடக்கிறது, இரட்டையா என்று பார்க்க அந்நாளில் வயிற்றை எக்ஸ்ரே எடுப்பது சாதாரணம். அப்படி எடுக்கப்பட்ட பிள்ளைகள் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு என்று விடை வந்தது. 1956-லும், விரிவாக 1958-லும் அதை வெளியிட்டார்.

பலர் நம்பவில்லை. பிள்ளையை இழந்த தாய் எதையும் துருவித்துருவி நினைவுகூர்வாள், அதை எப்படிக் கணக்கில் எடுப்பது என்றார்கள். புகழ்பெற்ற ரிச்சர்ட் டால் குழுவினர் 1960-ல் செய்த ஆய்வில் அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை. ஆனால் 1962-ல் அமெரிக்காவில் பிரையன் மக்மஹன், யாருடைய நினைவையும் நம்பாமல், பிரசவ வைத்தியசாலைப் பதிவேடுகளை வைத்தே ஆராய்ந்தார். சுமார் 40 சதவீதம் கூடுதல் ஆபத்து அங்கும் தெரிந்தது. தாய்மார் சொன்னது பொய்யல்ல. டால்கூட 1997-ல் இதை ஏற்றுக்கொண்டார். இதற்கிடையில் கருவுற்ற பெண்களை எக்ஸ்ரே எடுப்பது குறைந்து, அல்ட்ராசவுண்ட் வந்துவிட்டது.

பின்னாளில் அமெரிக்க அணு ஆயுத ஆலைத் தொழிலாளர்களைப் பற்றியும் ஆலிஸ் ஆராய்ந்தார். அந்த முடிவுகள் பலத்த சர்ச்சைக்குள்ளாயின. 1986-ல் ரைட் லைவ்லிஹூட் விருது பெற்றார். 2002-ல் தமது 95-ஆம் வயதில் காலமானார்.

இதைப் படித்தபின் எனக்குப் பயம் வந்தது உண்மை. மருமகனுக்கு எத்தனை சி.டி. ஸ்கேன்! பிரிட்டனில் 2012-ல் வெளியான ஓர் ஆய்வு கொஞ்சம் தெளிவு தந்தது. 10 வயதுக்குட்பட்ட 10,000 பிள்ளைகளுக்குத் தலையில் ஒரு சி.டி. எடுத்தால், அடுத்த 10 வருடங்களில் ஒரு ரத்தப் புற்றுநோயும் ஒரு மூளைக் கட்டியும் கூடுதலாக வரலாம் என்கிறது அது. ஆபத்து உண்டு, ஆனால் சிறியது. கண்ணெதிரே உள்ள நோயைப் பார்க்காமல் விடுவது அதைவிடப் பெரிய ஆபத்து.

அடுத்த முறை வைத்தியரிடம் தயங்காமல் கேட்டேன். இந்த ஸ்கேன் கட்டாயமா? கதிர்வீச்சில்லாத எம்.ஆர்.ஐ. போதாதா? அவர் கோபிக்கவில்லை. ஒன்றை எம்.ஆர்.ஐ.யாக மாற்றினார். மற்றதற்கு சி.டி.தான் வேண்டும் என்று காரணம் சொன்னார், பிள்ளையின் எடைக்கேற்ப அளவைக் குறைத்தே எடுப்போம் என்றார். தங்கைக்கு அதைத் தமிழில் சொன்னேன். தலையாட்டிவிட்டு மகனின் காலணியைக் கழற்றத் தொடங்கினாள்.