வாயால் கார் ஓட்டியவர்!

அமெரிக்காவில் ஒரு ரேடியோ நாடகம் நடந்துகொண்டிருந்தது. ஜாக் பென்னி என்ற நகைச்சுவை நடிகரின் நிகழ்ச்சி அது. அதில் அவர் மகா கஞ்சனாக வருவார். கஞ்சனிடம் புதுக் கார் இருக்குமா? மேக்ஸ்வெல் என்ற ஓட்டைக் கார்தான்!

கார் கிளம்பும் சத்தம் இசைத்தட்டில் தயாராக இருந்தது. வேளை வந்தது. இசைத்தட்டு ஓடவில்லை!

எல்லோரும் திகைத்தனர். ஒருவர் மட்டும் மைக்கின் முன் பாய்ந்தார். இருமினார், திணறினார், தும்மினார், கடகடவென்று உறுமினார். கேட்டவர்களுக்கு அது பழைய கார் கிளம்புவதுபோலவே இருந்தது! அன்றுமுதல் அந்தக் காருக்கு இசைத்தட்டு தேவைப்படவில்லை. அவர் வாயே போதும்.

அவர்தான் மெல் பிளாங்க்.

ஒரு எழுத்து

1908-ம் ஆண்டு மே 30-ந் தேதி சான்பிரான்சிஸ்கோவில் பிறந்தார். போர்ட்லண்ட் நகரில் வளர்ந்தார். வகுப்பில் விதவிதமான குரலில் பேசி எல்லோரையும் சிரிக்க வைப்பார். அவருடைய குடும்பப் பெயருக்கு ஆங்கிலத்தில் வெறுமை என்று பொருள். பெயரைப்போலவே நீயும் ஒன்றுமில்லாமல் போவாய் என்று ஆசிரியை ஒருவர் ஏசினாராம். மனம் புண்பட்ட சிறுவன், பெயரின் கடைசி எழுத்தை மாற்றிக்கொண்டான்.

1933-ல் எஸ்டெல் என்ற பெண்ணை மணந்தார். கணவனும் மனைவியும் ரேடியோவில் நிகழ்ச்சி நடத்தினார்கள். வேறு நடிகர்களுக்குச் சம்பளம் கொடுக்க நிலையத்தார் மறுத்தனர். கிழவன், குழந்தை, நாய், பூனை என்று பல வேஷங்களையும் மெல் குரலாலேயே போட்டார். வறுமை கற்றுக்கொடுத்த வித்தை அது!

முயலும் கேரட்டும்

பிறகு லாஸ் ஏஞ்சல்சுக்குப் போனார். கார்ட்டூன் படக் கம்பெனி ஒன்றில் வாய்ப்புக் கேட்டு நடையாய் நடந்தார். பலமுறை விரட்டப்பட்டார். ஆனாலும் விடவில்லை. கடைசியில் இடம் கிடைத்தது. 1937-ல் வெளிவந்த படத்தில் குடிகார எருதுக்குக் குரல் கொடுத்தார். அதே ஆண்டில் போர்க்கி என்ற பன்றிக்கும், டாபி என்ற வாத்துக்கும் பேசினார். 1940-ல் பக்ஸ் பன்னி என்ற முயல் அவர் குரலில் உயிர் பெற்றது.

முயல் கேரட் தின்னும் சத்தத்துக்கு வேறு காய்கனிகளைக் கடித்துப் பார்த்தார். எதுவும் சரிப்படவில்லை. நிஜ கேரட்டையே கடித்தார். மென்றுகொண்டே பேச முடியாதே! கடித்ததைத் துப்பிவிட்டு, அடுத்த வசனத்தைப் பேசுவார்.

மரணத்தின் வாசலில்

1961-ம் ஆண்டு ஜனவரி 24-ந் தேதி. லாஸ் ஏஞ்சல்சில் அவர் கார் மற்றொரு காருடன் நேருக்கு நேர் மோதியது. கால்கள் முறிந்தன. மண்டையில் பலத்த அடி. நினைவு போய்விட்டது. நாட்கள் ஓடின. டாக்டர்கள் கூப்பிட்டார்கள். மனைவி கூப்பிட்டார். பதில் இல்லை.

ஒரு நாள் டாக்டருக்கு ஒரு யோசனை தோன்றியது. மெல்லைக் கூப்பிடாமல், முயலைக் கூப்பிட்டு நலம் விசாரித்தார்.

படுக்கையிலிருந்து பதில் வந்தது. முயலின் குரலில்! மனிதர் மயங்கிக் கிடந்தார். அவர் வளர்த்த முயல் விழித்துக்கொண்டது!

மார்ச் மாதம் வீடு திரும்பினார். உடம்பு முழுவதும் மாவுக்கட்டு. எழுந்திருக்க முடியாது. ஆனால் வாய்க்குக் கட்டு இல்லையே! ஒலிப்பதிவுக் கருவிகளைப் படுக்கைக்கே கொண்டுவந்தார்கள். படுத்தபடியே பேசி, வேலையை முடித்துக் கொடுத்தார்.

அதன் பிறகும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். 1989-ம் ஆண்டு ஜூலை 10-ந் தேதி, 81-வது வயதில் காலமானார். படம் முடிந்ததும் பன்றி சொல்லி விடைபெறும் வாசகமே அவர் கல்லறையில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

வெறுமை என்று பெயர் பெற்ற சிறுவன், உலகத்தையே சிரிப்பொலியால் நிரப்பிவிட்டுப் போனான்!