காற்றை ஊருக்குக் கொண்டு வந்த வாத்தியார்



கிராமத்துக்குக் காற்றாலை மின்சாரம்னு ஒரு ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் எடுத்திருக்கீங்கன்னு வெச்சுக்குவோம். டிசைன் ரெடி, கணக்கு ரெடி, பவர்பாயிண்ட்டும் ரெடி. ஊருக்குப் போய், மரத்தடியில் எல்லாரையும் உட்கார வைத்து விளக்கமா சொல்றீங்க. எல்லாத்தையும் கேட்டுட்டு, ஊர்க்காரங்க வேண்டாம்னு எழுந்து போயிட்டா?

சிரிக்காதீங்க, இது உண்மையிலேயே நடந்திருக்கு. ஸ்காட்லாந்தில் மேரிகிர்க் என்று ஒரு சின்ன ஊர். அந்த ஊர்க்காரரான பேராசிரியர் ஜேம்ஸ் பிளைத், 1887இல் தன் விடுமுறை வீட்டுத் தோட்டத்தில் துணிப்பாய் கட்டிய ஒரு காற்றாலையை நிறுத்தினார். அதில் வந்த மின்சாரத்தை பேட்டரியில் சேமித்து வீட்டுக்கு விளக்கு எரித்தார். உலகத்தில் காற்றிலிருந்து மின்சாரம் எடுத்த முதல் ஆட்களில் அவரும் ஒருவர். மிச்சமாகும் மின்சாரத்தை ஊர்த் தெருவிளக்குக்குத் தருகிறேன் என்றார். ஊர் மக்கள் அதைச் சாத்தானின் வேலை என்று சொல்லி மறுத்துவிட்டார்கள்!

கிட்டத்தட்ட அதே காலத்தில் டென்மார்க்கில் இன்னொருத்தர் இதே வேலையைக் கையில் எடுத்தார். அவர் இறந்து பத்து வருஷம் கழிச்சு, 1918இல் எண்ணிப் பார்த்தால், அந்தச் சின்ன நாட்டில் சுமார் 120 உள்ளூர் மின் நிலையங்கள் காற்றாலை வைத்திருந்தன. அங்கே வேண்டாம்னு சொன்ன விஷயம் இங்கே எப்படி எடுபட்டது? பதில் தெரியணும்னா பவுல் லா கூர் என்ற மனிதரைத் தெரிஞ்சுக்கணும்.

தந்திக்காரர்

1846 ஏப்ரல் 13. டென்மார்க்கின் ஏபல்டோஃப்ட் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு பண்ணை வீட்டில் லா கூர் பிறந்தார். கோபன்ஹேகனில் இயற்பியலும் வானிலையியலும் படித்தார். 1872இல் டென்மார்க் வானிலை ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டபோது அதன் துணை இயக்குநர் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. வயசு 26தான்.

ஆனா மனசெல்லாம் தந்தியில் இருந்தது. அப்போது ஒரு கம்பியில் பல செய்திகளை ஒரே நேரத்தில் அனுப்புவதுதான் எல்லாரையும் துரத்திய கனவு. லா கூர் இசைக்கவைகளை எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு கவைக்கும் ஒரு அதிர்வெண். இந்தப் பக்கம் எந்தக் கவை அதிர்கிறதோ, அந்தப் பக்கம் அதே அதிர்வெண் உள்ள கவை மட்டும் பதில் சொல்லும். இசிஇ நண்பர்களே, இது உங்க அதிர்வெண் பகிர்வு மல்டிபிளெக்சிங்கின் தாத்தா! அமெரிக்காவில் எலிஷா கிரேயும் அதே யோசனையோடு வந்ததால் காப்புரிமைச் சண்டை வேறு.

அடுத்து இசைக்கவையின் அதிர்வைக் கொண்டு ஒரு பல் சக்கரத்தைத் துல்லியமான வேகத்தில் சுழல வைத்தார். தொலைவில் இருக்கும் இரண்டு கருவிகள் ஒன்றுக்கொன்று பிசகாமல் ஓட வேண்டிய இடத்தில் அது பயன்பட்டது. சின்க்ரனஸ் மோட்டார் படிச்சவங்களுக்கு அதன் அருமை புரியும். டென்மார்க்கின் எடிசன் என்று பேர் வாங்கிய மனிதர். தலைநகரத்திலேயே இருந்திருந்தால் பணமும் பதவியும் தேடி வந்திருக்கும்.

1878இல் அவர் எல்லாத்தையும் விட்டுட்டு அஸ்கோவ் என்ற கிராமத்துக்கு வாத்தியார் வேலைக்குப் போனார்.

பரீட்சை இல்லாத கல்லூரி

1864 போரில் டென்மார்க் தோற்று, தெற்கே பெரும் நிலப்பரப்பை இழந்தது. ரோடிங் என்ற ஊரில் இருந்த மக்கள் உயர்பள்ளியும் எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. அதன் ஆசிரியர்கள் எல்லை தாண்டி வந்து 1865இல் தொடங்கியதுதான் அஸ்கோவ் பள்ளி. விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் அங்கேயே தங்கிப் படிப்பார்கள். சரித்திரம், பாட்டு, கணக்கு, அறிவியல் எல்லாம் உண்டு. பரீட்சை கிடையாது, மார்க்கும் கிடையாது. (பொறாமையா இருக்கா?)

லா கூர் அங்கே கணக்கையும் இயற்பியலையும் கதை மாதிரி நடத்தினார். சூத்திரத்தைப் போர்டில் எழுதிப் போட்டு மனப்பாடம் பண்ணச் சொல்லவில்லை. மனிதன் இதை எப்போது, எதுக்காக, எப்படித் தடுமாறிக் கண்டுபிடித்தான் என்று வரலாற்று வழியில் சொல்லிக்கொடுத்தார். அதே முறையில் பாடப் புத்தகங்களும் எழுதினார்.

பாடம் நடத்திக்கொண்டே அவர் இன்னொன்றையும் கவனித்தார். நகரத்தில் நீராவி எஞ்சின் இருக்கு, கேஸ் விளக்கு இருக்கு, மின்சாரமும் வரப்போகுது. கிராமத்தில் மண்ணெண்ணெய் விளக்கும் மனித உழைப்பும்தான். இப்படியே போனால் தச்சனும் கொல்லனும் மட்டுமில்லை, தன்னிடம் படிக்கிற பிள்ளைகளும் ஊரை விட்டுக் கிளம்ப வேண்டியதுதான். டென்மார்க்கிலோ நிலக்கரி கிடையாது. அணை கட்டப் பெரிய ஆறும் மலையும் கிடையாது. இருப்பது காற்று ஒன்றுதான். அதுக்கு மட்டும் பஞ்சமே இல்லை.

ரெண்டு தலைவலி

1891இல் அரசாங்க உதவியோடு அஸ்கோவில் ஒரு சோதனைக் காற்றாலை எழுந்தது. மாவரைக்கிற பழைய காற்றாலையில் டைனமோவை மாட்டினால் வேலை முடிஞ்சது என்று நினைப்பீங்க. முடியாது. ரெண்டு பெரிய தலைவலி இருந்தது.

முதல் தலைவலி, காற்று சீராக அடிக்காது. காற்றில் இருக்கும் திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும் என்பது உங்களுக்குத் தெரியும். வேகம் ரெண்டு மடங்கானால் திறன் எட்டு மடங்கு! டைனமோவோ ஒரே சீரான வேகத்தில் சுத்தினால்தான் வோல்டேஜ் நிலையா இருக்கும். இதுக்கு லா கூர் செய்த கருவியின் பெயர் கிராட்டோஸ்டாட். எலக்ட்ரானிக்ஸ் எதுவும் இல்லாத காலம். பெல்ட், கப்பி, எடைக்கல் இவ்வளவுதான் கையில். காற்று ஓங்கி அடித்து இழுவிசை ஒரு அளவைத் தாண்டினால் பெல்ட் வழுக்கிவிடும், டைனமோவுக்கு எப்போதும் ஒரே அளவு விசைதான் போகும். பின்னாளில் இதையும் எளிமையாக்கி, சாய்ந்து கொடுக்கிற ஒரு சட்டமாக மாற்றினார். கிராமத்துக் கொல்லனே செய்யக்கூடிய சாமான்!

அடுத்தது, காற்று நின்னு போனால்? டைனமோவின் வோல்டேஜ் பேட்டரியை விடக் குறைந்தால் மின்சாரம் திரும்பிப் பாயும். டைனமோ மோட்டாராகி, பேட்டரியைக் காலி பண்ணிக் காற்றாலையையே ஃபேன் மாதிரி சுத்தப் பார்க்கும். இதைத் தடுக்க, சரியான நேரத்தில் தானாகவே இணைப்பைச் சேர்த்து, தானாகவே துண்டிக்கும் ஒரு சாவியை அவர் செய்தார். இன்னைக்கு நாம ஒரு டையோடு போட்டு முடிக்கிற வேலை அது.

ரெண்டாவது தலைவலி, சேமிப்பு. பேட்டரி விலை அதிகம். லா கூர் வேறு வழி பார்த்தார். காற்றாலை மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து, ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் தொட்டிகளில் சேமித்தார். 1895 முதல் 1902 வரை அஸ்கோவ் பள்ளியின் விளக்குகள் அந்த வாயுவில்தான் எரிந்தன. பசுமை ஹைட்ரஜன் என்று இன்னைக்குக் கருத்தரங்கு நடத்துறோமே, அதை ஒரு கிராமத்துப் பள்ளி 19ஆம் நூற்றாண்டிலேயே செய்து பார்த்துவிட்டது! ஹைட்ரஜனோடு கொஞ்சம் ஆக்சிஜன் கலந்துவிட்டால் டமால்தான். பள்ளியின் ஜன்னல் கண்ணாடிகளைப் பலமுறை மாற்ற வேண்டி வந்ததாம். அந்த வாயுவால் எஞ்சினை ஓட்டவும் முயன்றார், சரிப்படவில்லை. கடைசியில் பேட்டரிக்கே திரும்பி வந்தார். ஏழு வருஷம் உழைத்த ஒரு வழியைப் பிடிவாதம் பிடிக்காமல் ஓரமாக வைப்பது லேசான காரியம் இல்லை.

எத்தனை இறக்கை?

1888இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் சார்லஸ் பிரஷ் ஒரு ராட்சதக் காற்றாலை கட்டினார். 17 மீட்டர் விட்டம், 144 இறக்கைகள். அதிலிருந்து கிடைத்ததோ சுமார் 12 கிலோவாட்தான்.

இறக்கை அதிகமானால் மின்சாரம் அதிகமா? லா கூர் அதைக் காற்றுச் சுரங்கம் கட்டிச் சோதித்தார். விமானமே பறக்காத காலத்தில்! கிடைத்த பதில் நேர் எதிர். கொஞ்ச இறக்கைகளோடு வேகமாகச் சுழல்வதுதான் மின்சாரத்துக்கு நல்லது. நிறைய இறக்கைகள் இருந்தால் தொடக்க முறுக்குவிசை அதிகம், மெதுவாகச் சுழன்று தண்ணீர் இறைக்க அது சரி. டைனமோவுக்கு வேண்டியது வேகம். 1897இல் பெரிய சோதனைக் காற்றாலை ஒன்றும் எழுந்தது. முடிவுகளை 1900 தொடங்கிப் புத்தகங்களாக வெளியிட்டார்.

ஊரிடம் எப்படிப் பேசினார்?

இப்போ நம்ம கேள்விக்கு வருவோம். மெஷின் தயார். ஊர் ஏன் ஏத்துக்கணும்?

லா கூருக்குச் சாதகமான ஒன்று அங்கே ஏற்கனவே இருந்தது. 1882 முதல் டேனிஷ் விவசாயிகள் கூட்டுறவுப் பால் பண்ணைகள் நடத்திப் பழகியிருந்தார்கள். பத்து மாடு வைத்திருப்பவனுக்கும் ஒரு ஓட்டு, நூறு மாடு வைத்திருப்பவனுக்கும் ஒரு ஓட்டு. சேர்ந்து முதல் போட்டு, சேர்ந்து முடிவெடுத்துப் பழகிய ஊர்களுக்கு, ஊருக்கே சொந்தமான ஒரு மின் நிலையம் என்பது புதுசான யோசனை இல்லை.

லா கூர் அதோடு நிற்கவில்லை. 1903இல் டேனிஷ் காற்று மின்சாரச் சங்கம் உருவானது. காற்றாலை வேண்டும் என்று கேட்கிற ஊருக்குத் திட்டம் போட்டுக் கொடுப்பதும், நிறுவ உதவுவதும் அதன் வேலை. காற்று மின்சாரத்துக்கென்றே ஒரு பத்திரிகையும் நடத்தினார். காற்று இல்லாத நாளைப் பற்றி ஊர்க்காரங்க கேட்டால் மழுப்ப வேண்டியிருக்கவில்லை. பேட்டரியோடு, எண்ணெயில் ஓடும் ஒரு எஞ்சினும் துணைக்கு உண்டு என்பது திட்டத்திலேயே இருந்தது.

எல்லாத்தையும் விடப் பெரிய விஷயம், அவர் நடத்திய எலக்ட்ரீஷியன் வகுப்பு. பண்ணை வீட்டுப் பையன்கள் அஸ்கோவ் வந்து காற்றாலை, டைனமோ, பேட்டரி, வயரிங் எல்லாம் கத்துக்கிட்டு ஊருக்குத் திரும்பினார்கள். யோசிச்சுப் பாருங்க. பெல்ட் அறுந்தால் கோபன்ஹேகனிலிருந்து ஆள் வரணும்னா எந்த ஊர் சம்மதிக்கும்? சரி செய்யப் போறது அடுத்த வீட்டுப் பையன் என்றால் பேச்சே வேறு. பிளைத்தின் காற்றாலை ஒரு பேராசிரியரின் வீட்டுத் தோட்டத்தில் நின்றது. லா கூரின் காற்றாலையை அந்தந்த ஊர் ஆட்களே ஏறி இறங்கி ஓட்டினார்கள்.

அவருக்குப் பிறகு

1908 ஏப்ரல் 24 அன்று, 62ஆம் வயதில், அஸ்கோவிலேயே லா கூர் காலமானார். 1918இன் அந்த 120 நிலையங்களில் பெரும்பாலான காற்றாலைகள் 20 முதல் 35 கிலோவாட் வரை. எல்லாம் சேர்த்து சுமார் 3 மெகாவாட், நாட்டின் மின் தேவையில் கிட்டத்தட்ட 3 சதவீதம்.

அப்புறம் என்ன ஆச்சு? மலிவான எண்ணெயும், பெரிய நிலையங்களிலிருந்து நீண்ட தூரம் போகும் மாறுதிசை மின்சாரமும் வந்தன. ஊர்க் காற்றாலைகள் ஒவ்வொன்றாக நின்றன. அஸ்கோவின் சோதனைக் காற்றாலையும் 1929இல் தீயில் எரிந்தது. இத்தோடு கதை முடிஞ்சதுன்னு நினைச்சால், அந்த எலக்ட்ரீஷியன் வகுப்பை மறந்துட்டீங்க!

1904இல் அந்த வகுப்பில் உட்கார்ந்தவர்களில் யொஹானஸ் யூல் என்ற 17 வயசுப் பையன் ஒருவன். அரை நூற்றாண்டு கழித்து, 1957இல், அவர் கெட்சர் என்ற ஊரில் ஒரு காற்றாலையை ஓட விட்டார். மூன்று இறக்கை, 24 மீட்டர் விட்டம், 200 கிலோவாட், நேராக மாறுதிசை மின்சாரம். பெரிய பராமரிப்பு இல்லாமலே சுமார் பத்து ஆண்டு ஓடியது. எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1975இல், அமெரிக்காவின் நாசா கேட்டுக்கொண்டதால் அதைப் பழுதுபார்த்து மறுபடி ஓட்டி அளவெடுத்தார்கள். மூன்று இறக்கைகளோடு இன்று உலகமெங்கும் நிற்கும் காற்றாலைகளுக்கு அதுதான் மூதாதை. 1980களின் கடைசியில் டேனிஷ் உதவியோடு நம்ம தமிழ்நாட்டிலும் காற்றாலைகள் வந்தன. முப்பந்தல் வழியே பஸ்ஸில் போகும்போது ஜன்னலோரம் பார்க்கிறீங்களே, அதில் அஸ்கோவ் வாத்தியாரின் பாடமும் கொஞ்சம் சுத்திக்கிட்டு இருக்கு.

கூட்டுறவுப் பழக்கமும் சாகவில்லை. 2000இல் கோபன்ஹேகன் கடலோரத்தில் எழுந்த மிடில்கிரன்டன் காற்றாலைப் பண்ணையின் 20 காற்றாலைகளில் பாதி, பங்கு வாங்கிய சாதாரண மக்களின் கூட்டுறவுக்குச் சொந்தமாயின.

அடுத்த முறை கிராமத்துக்கு ஒரு திட்டத்தோடு கிளம்பும்போது, பவர் கர்வோடு மூணு கேள்விக்கும் பதில் எடுத்துட்டுப் போங்க. இது யாருக்குச் சொந்தம்? காற்று இல்லாத நாளில் என்ன வழி? பழுதானால் ஊரில் யார் ஏறுவார்? மூணாவது கேள்விக்கு ஒரு பேரோட பதில் கிடைக்கிற வரைக்கும் ஸ்லைடை மூடி வெச்சுட்டு, முதலில் ஒரு வகுப்பு நடத்துங்க!