பந்தை அளந்த பாஸ்கரர்

கிள்ளான் துறைமுகத்தில் அடுக்கடுக்காய் நிற்கும் பெரும் பெட்டிகளை நாம் கண்டிருக்கிறோம். பெட்டிக்குள் பெட்டி, அதனுள் டின், டின்னுக்குள் பொருள். இடையே வெற்றிடம் மிகுந்தால் அதற்கும் சேர்த்தே கப்பற்கூலி கொடுக்க நேரும். ஒரு பொருளைக் கொள்ளும் மிகச் சிறிய கலம் எது? பொருள் உருண்டையாயின் முதலில் அதன் கன அளவு தெரிதல் வேண்டும். அதனைப் பிழையறக் காட்டிய பாஸ்கராசாரியாரின் வரலாற்றை இம்மலரில் கூற விழைகிறோம்.

பாஸ்கரர் 1114ஆம் ஆண்டில் பிறந்தார். சஹ்யாத்ரி மலையை அடுத்த விஜ்ஜடவிடம் அவர்தம் ஊர். தந்தையார் மகேசுவரரே ஆசிரியர். 36ஆம் அகவையில், 1150ஆம் ஆண்டில், சித்தாந்த சிரோமணி என்னும் பெருநூலை இயற்றினார். லீலாவதி அதன் ஒரு பகுதி. லீலாவதி என்பாள் அவருடைய மகள் என்றும், அவள் திருமணம் தடைப்பட்டதென்றும் ஒரு கதை உண்டு. 1587ஆம் ஆண்டில் பைசி செய்த பாரசீக மொழிபெயர்ப்பில் வருவது அது. கதை இனியதே, ஆயினும் நாம் கணக்கிற்கே செல்வோம்.

பாஸ்கரருக்கு முன் வாழ்ந்த லல்லர் பெரும் புகழ் பெற்ற வானநூலார். அவர் நூலுக்குப் பாஸ்கரரே உரை எழுதியிருக்கிறார். அத்தகைய பெரியவரின் விதி ஒன்று பிழையென்று பாஸ்கரர் கண்டார். வட்டத்தின் பரப்பைச் சுற்றளவால் பெருக்கினால் பந்தின் மேற்பரப்பு கிடைக்கும் என்பது அவ்விதி.

லீலாவதியில் வரும் பந்தின் விட்டம் 7. அதனை 7 செண்டிமீட்டர் என்று கொள்வோம். சுற்றளவு ஏறத்தாழ 22. நடுவட்டத்தின் பரப்பு 38½. லல்லர் விதிப்படி மேற்பரப்பு 847 ஆகிறது!

பாஸ்கரர் ஒரு துணியைக் கொண்டே இதனை மறுத்தார். பந்தின் சுற்றளவில் பாதி, அதாவது 11 செண்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத்துணி ஒன்றை வெட்டுங்கள். அதன் பரப்பு சுமார் 95. பந்தின்மேல் போர்த்தினால் பாதிப் பந்து முழுதும் மூடி, துணி சுருக்கம் விழுந்து மிஞ்சும். ஆகவே முழுப் பந்தின் மேற்பரப்பு 190ஐ எட்டாது. 847 எங்ஙனம் பொருந்தும்? பிரிக்ஃபீல்ட்ஸ் கடைத்தெருவில் வாங்கிய பந்தும் பழஞ்சட்டைத் துணியும் இருந்தால் வீட்டிலேயே இதனைச் செய்து பார்க்கலாம். பெற்றோரும் உடனிருந்து பார்க்க வேண்டுகிறோம்.

உண்மை அளவு நடுவட்டத்தின் நான்கு மடங்கு, 154. பின்னர், நுனிகள் யாவும் மையத்தில் கூடும் ஊசிக் கூம்புகளாகப் பந்தை அவர் மனத்தால் பிளந்தார். மேற்பரப்பை விட்டத்தால் பெருக்கி ஆறால் வகுத்தால் கன அளவு வரும் என்றார். நம் பந்திற்கு அது 179⅔.

இனிக் கலத்திற்கு வருவோம். அகலமும் உயரமும் 7 உள்ள உருளை டின்னில் பந்து சுவரையும் மூடியையும் தொட்டு நிற்கும். அதனினும் சிறிய டின்னில் பந்து நுழையாது. டின்னின் கொள்ளளவு 269½. பந்து அதில் சரியாக மூன்றில் இரு பங்கு. கி.மு. 212இல் மறைந்த கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீசு கண்ட விகிதமும் இதுவே. அதைத் தம் கல்லறையில் பொறிக்க அவர் விரும்பினாராம். அந்த டின்னைக் கொள்ளும் மிகச் சிறிய சதுரப் பெட்டிக்கு 343 வேண்டும். அப்பெட்டியில் பந்து போக 163⅓ வெற்றிடம், ஏறக்குறையப் பாதி!

பாஸ்கரர் முதுமையிலும் எழுதினார். கரணகுதூகலம் 1183ஆம் ஆண்டினது. அவருடைய பேரர் சங்கதேவர் யாதவ மன்னன் சிங்கணனின் அரசவைச் சோதிடர். பாட்டனாரின் நூல்களைக் கற்பிக்கவே இன்றைய மகாராட்டிரத்துப் பாட்டணத்தில் ஒரு கல்விக்கூடம் நிறுவினார். அதற்கு நிலமும் வருவாயும் 1207ஆம் ஆண்டில் கொடையாக அளிக்கப்பட்ட செய்தியை அவ்வூர்க் கல்வெட்டு கூறுகிறது.