ஒரு கட்டிலில் தொடங்கிய தொண்டு

நாம் காணிப்பாக்கம் செல்லும் சித்தூர்ப் பகுதியும் வேலூரும் 1911 வரை ஒரே வடஆர்க்காடு மாவட்டம். அம்மாவட்டத்து இராணிப்பேட்டையில் 1870-இல் பிறந்தவர் ஐடா ஸ்கடர் அம்மையார்.

திண்டிவனத்தில், ஆண் மருத்துவர் பார்க்கலாகாதென்ற வழக்கத்தால், ஒரே இரவில் 3 பெண்கள் பேறுகாலத்தில் மாண்டனர். உள்ளம் நொந்த ஐடா அமெரிக்காவில் பயின்று 1899-இல் மருத்துவரானார். 1900-இல் வேலூரில் ஒரே கட்டிலோடு பணி தொடங்கினார். 1902-இல் 40 கட்டில் மருத்துவமனை எழுந்தது.

ஆயினும் ஒருவரின் இரு கைகள் எத்தனை உயிரைக் காக்கும்? 1909-இல் செவிலியர் பள்ளியும், 1918-இல் மகளிர் மருத்துவப் பள்ளியும் கண்டார். 1960-இல் அவர் மறைந்தார், பணி நிற்கவில்லை.

அறிவியல் பயிலும் நான் அவர் வாழ்வில் கற்றது இது: செய்வாரைப் பெருக்கினால்தான் தொண்டு வளரும். நண்பர்களே, நாம் கற்றதை யாருக்குக் கற்பிக்கப் போகிறோம்?