4, 3, 2, 1... ஒரு சிரிப்பால் வக்கீல் தொழிலை விட்டவர்: பிரிட்ஜ் ஆட்டத்தை எல்லாருக்கும் திறந்துவிட்ட சார்லஸ் கோரன் யார்?

ஜோலார்பேட்டையில் இருந்து சென்னைக்குப் போகிற ரயிலில் சீசன் டிக்கெட் எடுத்து தினமும் போய் வருபவர்களுக்கு இந்தக் காட்சி புதுசு இல்லை. நாலு பேர் எதிரெதிரே உட்கார்ந்து, மடியில் ஒரு துண்டையோ பேப்பரையோ விரித்து சீட்டு போடுவார்கள். ஆம்பூர் தாண்டி, காட்பாடி தாண்டி, ஆற்காட்டுக்காரர்கள் ஏறுகிற வாலாஜா ரோடு வரும்போது ஆட்டம் சூடு பிடித்திருக்கும்.

அதில் 28 ஆடுகிறவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். சீட்டு கைக்கு வந்ததும் முதல் வேலை எண்ணுவதுதான். ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஆசுக்கும் பத்துக்கும் தலா 1. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எவ்வளவு கேட்பது என்று முடிவு செய்வோம். குறைவாகக் கேட்டால் ஆட்டம் அடுத்தவர் கைக்குப் போய்விடும். அதிகமாகக் கேட்டால் நாமே மாட்டிக்கொள்வோம்.

உலகம் முழுக்க ஆடப்படும் கான்ட்ராக்ட் பிரிட்ஜ் ஆட்டத்திலும் இதேதான் சிக்கல். அந்தச் சிக்கலுக்கு, கூட்டல் தெரிந்த யாரும் பயன்படுத்தக்கூடிய ஒரு விடையை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் சார்லஸ் கோரன். யார் இவர்? இவர் சொன்ன கணக்கு என்ன? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த சார்லஸ் கோரன்?

1901 மார்ச் 4-ம் தேதி அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில், ரஷ்யாவில் இருந்து குடியேறிய யூதக் குடும்பத்தில் பிறந்தவர் கோரன். வசதியான வீடு இல்லை. படித்துத்தான் மேலே வர வேண்டும் என்ற நிலை. கனடாவின் மான்ட்ரியல் நகரில் உள்ள மெகில் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார்.

அங்கே படிக்கும்போதுதான் அந்தச் சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படுகிறது. தோழி ஒருவர் பிரிட்ஜ் ஆடக் கூப்பிட, ஆட்டம் சரியாகத் தெரியாமலே கோரன் உட்கார்ந்துவிட்டார். அவர் ஆடிய லட்சணத்தைப் பார்த்து அந்தப் பெண் சிரித்துவிட்டார். ஆட்டத்தை முழுசாகக் கற்றுக்கொள்ளும் வரை இனிமேல் சீட்டைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்த இளைஞர், மில்டன் வொர்க் என்ற நிபுணர் எழுதிய புத்தகத்தை வாங்கி மாசக்கணக்கில் படித்தார்.

படிப்பு முடிந்து ஃபிலடெல்ஃபியாவில் 13 ஆண்டுகள் வக்கீலாக இருந்தார். ஆனா மனசு முழுக்க சீட்டு மேஜையில்தான். எந்த மில்டன் வொர்க்கின் புத்தகத்தைப் படித்தாரோ, அவரிடமே உதவியாளராகச் சேர்ந்து அவருக்காக எழுதிக் கொடுக்கவும் செய்தார். 1934-ல் மில்டன் வொர்க் இறந்துபோனார். 1936-ல் கோரன் தன் பெயரில் முதல் புத்தகத்தை வெளியிட்டார். அதோடு வக்கீல் தொழிலுக்கு முழுக்கு.

அது அமெரிக்கா பெரும் பொருளாதார மந்தநிலையில் தவித்துக்கொண்டிருந்த காலம். வேலை கிடைப்பதே குதிரைக்கொம்பு. அப்போது கையில் இருந்த வக்கீல் தொழிலை விட்டுவிட்டு சீட்டாட்டத்தை நம்பி இறங்கினார் என்றால், அதுவும் ஒரு பெரிய ஏலக் கேள்விதான்.

கான்ட்ராக்ட் பிரிட்ஜ் என்றால் என்ன?

52 சீட்டு. நாலு பேருக்கு தலா 13. எதிரெதிரே உட்காருகிற இரண்டு பேர் ஒரு ஜோடி. ஆளுக்கு ஒரு சீட்டு போட, பெரிய சீட்டு போட்டவர் அந்த நாலையும் அள்ளுவது ஒரு பிடி. ஆக மொத்தம் 13 பிடிகள்.

ஆட்டத்துக்கு முன்னால் ஏலம். எங்கள் ஜோடி இத்தனை பிடி எடுக்கும், இந்த ரகம்தான் துருப்பு என்று ஒவ்வொருவரும் கேட்க வேண்டும். முதல் ஆறு பிடி கணக்கில் சேராது. 1 என்று கேட்டால் ஏழு பிடி, 4 என்று கேட்டால் பத்து பிடி, 7 என்று கேட்டால் பதிமூன்றும். கேட்டதை எடுத்தால் மதிப்பெண். ஒன்று குறைந்தாலும் எதிராளிக்கு லாபம்.

இந்த வடிவத்துக்கு உருவம் கொடுத்தவர் ஹெரால்டு வாண்டர்பில்ட் என்ற அமெரிக்கப் பணக்காரர். 1925-ல் பனாமா கால்வாய் வழியாகப் போன ஒரு கப்பல் பயணத்தில்தான் புது விதிகளை ஆடிப் பார்த்தார். பெரிய ஆட்டத்துக்கான கூடுதல் பரிசு, ஏலத்தில் முன்கூட்டியே கேட்டிருந்தால் மட்டும்தான் கிடைக்கும் என்பது அதன் அடிப்படை. அதனால் சீட்டை ஆடத் தெரிந்தால் மட்டும் போதாது. தன் கையின் பலத்தை ஆட்டத்துக்கு முன்பே எடை போடத் தெரிய வேண்டும்.

இதில் கஷ்டம் என்னவென்றால், ஜோடிக்காரர் கையை நீங்கள் பார்க்க முடியாது. ஜாடை காட்டினால் மோசடி. ஏலத்தில் பேச அனுமதி உள்ளது மொத்தம் 15 வார்த்தைகள்தான்: 1 முதல் 7 வரை எண்கள், நாலு ரகங்களின் பெயர், துருப்பு இல்லை என்பது, பிறகு பாஸ், டபுள், ரீடபுள். இந்த 15 வார்த்தைகளை வைத்தே என்னிடம் என்ன இருக்கிறது என்பதை ஜோடிக்காரருக்குப் புரியவைக்க வேண்டும்.

கோரனுக்கு முன்னால் எப்படி எண்ணினார்கள்?

1930-களில் பிரிட்ஜ் உலகின் ராஜா ஈலி கல்பர்ட்சன். 1931-32-ல் நியூயார்க்கில் சிட்னி லென்ஸ் அணியுடன் அவர் மோதிய போட்டி, பத்திரிகைகளில் தினசரிச் செய்தியாக வந்த அளவுக்குப் பிரபலம். அவருடைய முறையில் கையை எடை போடுவது பிடிக் கணக்கில். ஆசு இருந்தால் 1. ஒரே ரகத்தில் ஆசும் ராஜாவும் சேர்ந்திருந்தால் 2. ஆசும் ராணியும் என்றால் ஒன்றரை. ராஜா மட்டும் துணைச் சீட்டோடு இருந்தால் அரை.

நிபுணர்களுக்கு இது சுலபம். ஆனா வேலை முடித்து வந்து நண்பர்களோடு உட்காருகிற சாதாரண ஆளுக்கு இந்த அரை, ஒன்றரை எல்லாம் தலைசுற்றல்தான். ஆட்டம் பிடித்திருந்தும் ஏலத்துக்குப் பயந்து ஒதுங்கியவர்கள் பலர்.

4-3-2-1 கணக்கு என்ன?

ஆசுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1. இவ்வளவுதாங்க. ஒரு ரகத்துக்கு 10, நாலு ரகத்துக்கும் சேர்த்து 40. ஆக ஒரு சராசரி கையின் பலம் 10.

இதைக் கண்டுபிடித்தவர் கோரனா? இல்லை. 1915-லேயே பிரையன்ட் மெக்கேம்பெல் என்பவர் இந்தக் கணக்கை எழுதிவிட்டார். மில்டன் வொர்க்கும் இதைப் பரப்பினார். ஆனா பெரிய சீட்டை மட்டும் எண்ணினால் போதாது என்ற குறை அப்படியே இருந்தது.

அந்தக் குறையைப் புரிந்துகொள்ள ஆற்காடு பக்கம் வாங்க. மேல்விஷாரம், ராணிப்பேட்டை, ஆம்பூர் வட்டாரத்தில் பச்சைத் தோல் வாங்குகிறவர் அளவையும் கனத்தையும் மட்டும் பார்த்து விலை சொல்ல மாட்டார். விரித்துப் பார்ப்பார். கத்தி வெட்டு எங்கே, உண்ணிக் கடி எவ்வளவு, சூட்டுத் தழும்பு நடுவில் விழுந்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். பெரிய தோல் விலை போகாமல் கிடப்பதும் உண்டு, சின்னத் தோல் நல்ல விலைக்குப் போவதும் உண்டு.

சீட்டுக் கையும் அப்படித்தான். பெரிய சீட்டு எத்தனை என்பது அளவு மாதிரி. 13 சீட்டும் நாலு ரகங்களில் எப்படிப் பிரிந்திருக்கிறது என்பதுதான் தோலின் தன்மை மாதிரி. ஒரு ரகத்தில் சீட்டே இல்லை என்றால், எதிராளி அந்த ரகத்தில் ஆசைப் போட்டாலும் நீங்கள் துருப்பு வெட்டிவிடலாம். அப்படியென்றால் காலி இடத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு.

டொரான்டோவைச் சேர்ந்த காப்பீட்டுக் கணக்கு நிபுணர் வில்லியம் ஆண்டர்சன் உதவியோடு கோரன் இதற்கும் எண் கொடுத்தார். ஒரு ரகமே இல்லையா, 3 சேர்த்துக்கொள். ஒரே ஒரு சீட்டா, 2. இரண்டு சீட்டா, 1. 1949-ல் புத்தகமாக வந்த இந்த முறைதான் ஆட்டத்தையே மாற்றியது.

எத்தனை புள்ளிக்கு எவ்வளவு கேட்கலாம்?

கோரன் தந்த அட்டவணை மனப்பாடம் செய்யச் சுலபம்:

- உங்கள் கையில் 13 இருந்தால் ஏலத்தைத் தொடங்கலாம். 14 இருந்தால் தொடங்கியே ஆக வேண்டும்.
- ஜோடி இருவருக்கும் சேர்த்து 26 இருந்தால், துருப்பு இல்லாமல் ஒன்பது பிடியோ, ஸ்பேடு அல்லது ஹார்ட் துருப்பில் பத்து பிடியோ கேட்கலாம்.
- 33 இருந்தால் 12 பிடி.
- 37 இருந்தால் 13 பிடியும்.

33, 37 எல்லாம் எங்கிருந்து வந்தது? பெரிய சீட்டுகளிலேயே உங்கள் ஜோடிக்கு 37 இருந்தால் எதிராளிகளிடம் மிச்சம் 3-தான். ஆசுக்கு 4 என்பதால் அவர்களிடம் ஒரு ஆசுகூட இருக்க முடியாது. 33 இருந்தால் அவர்களிடம் 7-தான். இரண்டு ஆசு இருக்க வழியே இல்லை. எவ்வளவு எளிமையான தர்க்கம் பாருங்க.

ஒரு உதாரணம். உங்கள் கையில் ஸ்பேடில் ஆசு, ராணி, ஜாக்கி, 7, 5. ஹார்ட்டில் ராஜா, 9, 6, 2. டைமண்டில் ஆசு, 8, 4. கிளாவரில் வெறும் 6. பெரிய சீட்டுக்கு 14, ஒற்றைக் கிளாவருக்கு 2, மொத்தம் 16. ஒரு ஸ்பேடு என்று தொடங்குகிறீர்கள்.

ஜோடிக்காரர் கையில் ஸ்பேடில் ராஜா, 10, 8, 3. ஹார்ட்டில் ராணி, 5. டைமண்டில் ராஜா, 7, 6, 2. கிளாவரில் ராணி, 9, 4. பெரிய சீட்டுக்கு 10, இரட்டை ஹார்ட்டுக்கு 1, மொத்தம் 11.

பெரிய சீட்டை மட்டும் கூட்டினால் 24. பயந்து நிறுத்தியிருப்பீர்கள். பிரிவையும் சேர்த்தால் 27. நாலு ஸ்பேடு கேட்கலாம். ஆடினால் கிளாவரில் ஒன்று, ஹார்ட்டில் ஒன்று, டைமண்டில் ஒன்று போகும். துருப்பு மோசமாகப் பிரிந்திருந்தால் ஒழிய, மீதி பத்தும் உங்களுக்குத்தான்.

புகழின் உச்சி

1944-ல் கல்பர்ட்சன் இடத்தைப் பிடித்து பெரிய நாளிதழ்களில் பத்தி எழுதத் தொடங்கினார் கோரன். 1950-ல் நடந்த முதல் உலகக் கோப்பையான பெர்முடா பௌலை வென்ற அமெரிக்க அணியில் இருந்தார். 1958-ல் டைம் இதழின் அட்டைப் படம். 1959-ல் ஏபிசி தொலைக்காட்சியில் பிரிட்ஜ் நிகழ்ச்சி. சீட்டாட்டத்தை டிவியில் உட்கார்ந்து பார்ப்பார்களா என்று கேட்டவர்களுக்கு, 1964 வரை ஓடி பதில் சொன்னது அந்த நிகழ்ச்சி.

மேஜையில் அவருடைய புகழ்பெற்ற ஜோடி ஹெலன் சோபெல். பெண்கள் பெரிதாக மதிக்கப்படாத போட்டி உலகில் ஆண்களுக்குச் சமமாக, பல நேரம் அவர்களுக்கு மேலாக ஆடியவர். 1957 உலகக் கோப்பையில் இருவரும் சேர்ந்து அமெரிக்காவுக்கு ஆடினார்கள். ஆனா புதுப் புது ஏல முறைகளோடு வந்த இத்தாலி அணியிடம் தோற்றார்கள்.

அந்தத் தோல்வி ஒரு எச்சரிக்கை. 1960-களுக்குப் பிறகு ஏல முறைகள் வேகமாக மாறின. கோரனின் உடல்நிலையும் மோசமானது. திருமணம் செய்துகொள்ளாத அவர், நீண்ட காலம் பொதுவெளிக்கே வராமல் வாழ்ந்து, 1991 ஏப்ரல் 3-ம் தேதி கலிஃபோர்னியாவில் 90 வயதில் காலமானார்.

இன்றைக்கு ஏன் கோரன்?

நம்ம ஊரில் சீட்டு என்றாலே குடியைக் கெடுக்கும் என்ற பயம். பணம் வைத்து ஆடிய குடும்பங்களின் கதையைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் நியாயமானதும்கூட. 1968-ல் ரம்மி பற்றிய ஆந்திர வழக்கில் உச்ச நீதிமன்றம், ரம்மியில் உள்ள அதிர்ஷ்டம் பிரிட்ஜில் சீட்டு பிரியும்போது உள்ள அதிர்ஷ்டம் போன்றதுதான் என்று ஒப்பிட்டது. வருகிற சீட்டு அதிர்ஷ்டம், அதை எடை போடுவது திறமை.

2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரிட்ஜ் முதல் முறையாகச் சேர்ந்தபோது, ஆண்கள் இரட்டையரில் தங்கம் வென்றது இந்தியாவின் பிரணாப் பர்தன் - ஷிப்நாத் சர்க்கார் ஜோடி. பர்தனுக்கு அப்போது வயது 60.

கோரனின் ஏல முறையை அப்படியே இன்று ஆடுகிறவர்கள் குறைவு. அவர் கணக்கில் ஆசுக்கு மதிப்பு கொஞ்சம் குறைவு, ராணிக்கும் ஜாக்கிக்கும் கொஞ்சம் அதிகம் என்பதும் பிற்கால ஆய்வில் தெரிந்துவிட்டது. ஆனா உலகில் எங்கே பிரிட்ஜ் சொல்லிக் கொடுத்தாலும் முதல் பாடம் இன்னும் 4-3-2-1-தான்.

அந்தக் கணக்கோடு நிற்கக் கூடாது என்பதையும் கோரனே கற்றுக்கொடுத்தார். துணை இல்லாத ராஜாவுக்குப் புள்ளி குறை, ஆசே இல்லாத கைக்கு ஒன்று கழி, ஜோடிக்காரர் பேசியதைக் கேட்டபின் திரும்ப எடை போடு என்பதெல்லாம் அவர் பாடத்திலேயே உண்டு.

அடுத்த முறை ரயிலில் 13 சீட்டு கைக்கு வந்தால், முதலில் எண்ணுங்கள். பிறகு எதிரே இருப்பவர் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். அப்புறம் நீங்கள் கேளுங்கள்.